ஒரு ‘ஆம்’ குறைகிறது

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலு கையும் காலும் முழுசாக, பசியும் முழுசாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் கட்டைப் பிரித்தாயிற்றா? பிரித்தாலும் நீயே வாசித்துக் காட்ட வேண்டும் என்று அடம்பிடிப்பாள், பார்.

பண்ணை வேலை முடிந்தது. சம்பளமில்லாமல் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் உழைக்கப் போகிறான் என்று கிண்டல் பண்ணினாயே, அந்தச் சாப்பாட்டுக்காகவே இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம். எருக்குழி வெட்டினேன், சொட்டுநீர்க் குழாயில் அடைப்பெடுத்தேன், தக்காளிச் செடிகளுக்குக் குச்சி நட்டுக் கட்டினேன். கிளம்பும்போது பண்ணைக்காரர் சொன்னார்: “தம்பி, நீ கட்டின கட்டு ஒண்ணும் நிக்கப் போறதில்ல. ஆனா நல்ல பையன் நீ.”

இனி ஊர் சுற்றல்தான். கூட வருகிறவன் என்னைப் போலவே பண்ணைக்கு வேலைக்கு வந்தவன், ஒரே அறையில் படுத்தவன். அவனை எல்லோரும் தாடி என்றுதான் கூப்பிடுவார்கள், சொந்தப் பெயரைச் சொன்னால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். பஸ், லாரி, நடை, எது கிடைக்கிறதோ அதில் தெற்கே போய்க்கொண்டே இருப்போம், கடல் குறுக்கே வரும் வரை. தங்கப்போகும் ஊர்களின் பெயரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அந்தந்த ஊர்த் தலைமைத் தபால் நிலையத்துக்கு என் பெயர் போட்டு எழுது. கவுண்டரில் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். போன மாதக் கடைசியில் பண்ணை நாய்க்குட்டி ஒன்று தாடியைக் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. குட்டிதான், ஆனால் விடாமல் தொங்கியது. வலிக்கவே இல்லை, முள் குத்தின மாதிரி ஒரு சுருக், அவ்வளவுதான். குட்டி கடித்தால் ஊசியெல்லாம் வேண்டாம் என்கிறார்கள் இங்கே. உங்கள் அச்சகத்தில் மருத்துவப் புத்தகங்கள் அச்சாகின்றனவே, பார்த்துச் சொல். தாடி கேட்கச் சொன்னான்.

அம்மாவுக்கு இந்தப் பத்தியை வாசிக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் வாலு

&nbsp;

பிப்ரவரி 12

டேய் வாலு,

வீட்டில் இருவரும் சுகம். கட்டைப் பிரித்தாயிற்று, எழுத்து இன்னும் மங்கலாகத்தான் தெரிகிறதாம். “நீயே படிம்மா, அவன் எழுதுறது கண்ணு நல்லா இருக்கிறவங்களுக்கே புரியாது” என்கிறாள். நாய் விஷயத்தைத் தாண்டி வாசித்தேன். தாண்டின இடத்தில் அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

உன் கடிதத்தில் வழக்கம்போல ஒற்றுப் பிழைகள். ஊர் ஊராகச் சுற்றினாலும் ‘க்’கும் ‘ப்’பும் உன்னோடு வரமாட்டேன் என்கின்றன.

புத்தகத்தைப் பார்த்தேன். நாய் என்ன, குட்டி என்ன, எல்லாம் ஒன்றுதான். தாடியை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. அந்தக் குட்டி உயிரோடு இருக்கிறதா? அதைத்தான் முதலில் கேட்பார்களாம். அந்தப் பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல். பெற்றவர்களுக்குத் தெரியுமா?

உடம்பைக் கவனி.

அக்கா

&nbsp;

பிப்ரவரி 13

வாலு,

நலம் விசாரிக்கத் தோன்றவில்லை, நேரே விஷயத்துக்கு வருகிறேன். நேற்று எழுதியதைத் தபாலில் போட்டுவிட்டு இன்று மறுபடி எழுதுகிறேன்.

காலையில் ஒரு கதைப் புத்தகத்துக்குப் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதாநாயகனின் மாமா கீழே விழுகிறார். கதாநாயகன் சொல்கிறான், “மாமாவுக்கு ஒண்ணும் ஆகல. வலிக்கவே இல்ல.” என் கை தானாகப் போய் ஓரத்தில் ‘ஆம்’ சேர் என்று குறித்தது. வலிக்கவே இல்லையாம். அடுத்தவர் வலியை நாம் எப்படிச் சொல்ல முடியும், அவர் சொன்னதைக் கேட்டுத்தானே? குறித்த கை அப்படியே நின்றுவிட்டது. மத்தியானம் வீட்டுக்கு ஓடிவந்து உன் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன்.

தாடியைக் கடித்தது என்று எழுதியிருக்கிறாய். அடுத்த வரியில் ‘வலிக்கவே இல்லை’ என்று எழுதியிருக்கிறாய். தாடியின் கால் உனக்கு எப்படிடா வலிக்காமல் இருந்தது?

பள்ளிக்கூடத்திலிருந்து உன் கட்டுரைகளைத் திருத்துகிறவள் நான். ஒற்றை விடுவாய், ளகரத்தை மாற்றிப் போடுவாய். இந்தத் தப்பை நீ பண்ணினதே இல்லை. பேசத் தெரிந்த யாரும் பண்ணாத தப்பு இது.

யாரைக் கடித்தது? ஒரு வரி எழுது, போதும்.

அக்கா

&nbsp;

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் அமோகமாக இருக்கிறோம். அம்மாவின் கண்ணுக்கும் உன் வாய்க்கும் ஓய்வு கிடைக்கட்டும்.

உன் பன்னிரண்டாம் தேதிக் கடிதம் கிடைத்தது. தாடிக்கு ஊசி போட்டாயிற்று. டாக்டர் சிரித்துக்கொண்டே போட்டு அனுப்பினார். குட்டி நாங்கள் கிளம்பும்போது கண்ணில் படவில்லை, எங்காவது ஊர் சுற்றப் போயிருக்கும், எங்களைப் போல. அந்தக் கதையை விடு.

தாடிக்குப் பெற்றவர்கள் இல்லை. அண்ணன் ஒருவர் இருந்தார், பேச்சுவார்த்தை நின்று பல வருஷமாம். தபால் நிலையத்தில் நான் வரிசையில் நிற்கும்போது அவன் வெளியே சுவரில் சாய்ந்து நிற்பான். “உனக்கும் ஏதாவது இருக்கான்னு ஒரு தடவை கேளேன்டா” என்றேன். “எனக்கு யாரு எழுதப் போறா? கால்தான் வலிக்கும்” என்றான். ஆனால் உன் கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். ஒற்றுப் பிழைக்கு விழுந்து விழுந்து சிரித்தான். நீ விசாரித்ததாகச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. “என்னையா? நெசமாவா?” என்று இரண்டு தரம் கேட்டான்.

நேற்று செங்கல் லாரியின் மேல் உட்கார்ந்து வந்தோம். தலையெல்லாம் சிவப்பு. நன்றாகத் தூங்கு அக்கா, கவலைப்படாதே.

வாலு

&nbsp;

பிப்ரவரி 28

வாலு,

நீ நலமாக இருக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

என் பதிமூன்றாம் தேதிக் கடிதம் உன் கைக்கு வரவில்லை, அல்லது வந்தும் வராத மாதிரி எழுதுகிறாய். அதில் கேட்டதை மறுபடி கேட்கிறேன்: நாய் கடித்தது உன்னைத்தானே?

பண்ணைக்காரருக்கு எழுதினேன், பதில் வந்துவிட்டது. குட்டி செத்துப்போயிற்றாம். வாயில் நுரை தள்ளி, வீட்டுக் கதவையெல்லாம் கடித்து, நீங்கள் கிளம்புவதற்கு முன்னாலேயே செத்ததாம். புதைத்ததே நீதானாம். அப்படியிருக்க ‘கண்ணில் படவில்லை’ என்று எனக்கு எழுதுகிறாய்.

அச்சகத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு டாக்டரம்மா இருக்கிறார். போய்க் கேட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னார்: “அறிகுறி வர்றதுக்கு முன்னால எப்ப வந்தாலும் லேட்டு இல்லம்மா. வந்துட்டா, எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் லேட்டுதான்.” அப்புறம் வந்தால் மருந்து கிடையாதா என்றேன். கிடையாது என்றார்.

இந்தக் கடிதத்தை எந்தக் கவுண்டரில் வாங்குகிறாயோ, அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போ. குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு என்று சாக்குச் சொல்லாதே. உன்னைத் திட்ட மாட்டேன். சத்தியமாகத் திட்ட மாட்டேன். போய்விட்டு எழுது.

அக்கா

&nbsp;

மார்ச் 7

அக்கா,

நான் இருக்கிறேன். இப்போதைக்கு அதை மட்டும்தான் சொல்ல முடியும்.

என்னைத்தான்.

பதிமூன்றாம் தேதிக் கடிதமும் கிடைத்தது, முந்தின ஊரிலேயே. வாசித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். ஊசிக்குப் பயந்தேன் என்று நினைக்காதே. ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் காலைப் பார்த்துவிட்டு ‘ஏன் இவ்வளவு நாள் கழிச்சு வந்த’ என்று கேட்டுவிடுவாரே, அந்தக் கேள்விக்குப் பயந்தேன். போகாத வரைக்கும் ஒன்றும் ஆகாத மாதிரி இருந்தது. குட்டியைப் புதைக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தாடி பெயரைப் போட்டு எழுதினால் நீ ‘பரவாயில்லை, ஒன்றும் ஆகாது’ என்று எழுதுவாய், அதை எனக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். என் புத்தி அப்படித்தான் போயிற்று.

தினமும் காலையில் பல் தேய்த்துவிட்டு, தண்ணீரை வாயில் ஊற்றுவதற்கு முன் தம்ளரையே பார்த்துக்கொண்டு நிற்பேன். வெறிநாய்க்கடி முற்றினால் தண்ணீர் இறங்காதாமே, உள்ளே இறங்கினால் அன்றைய பொழுதுக்கு உயிர் வந்துவிடும். இப்படியே ஊர் ஊராக வந்தேன்.

உன் கடைசிக் கடிதத்தைத் தாடி என் கையிலிருந்து பிடுங்கிப் படித்துவிட்டான். ஊசி போட்டுக்கொண்டதாகத்தான் அவனிடமும் சொல்லி வைத்திருந்தேன். நடுத்தெருவில் சட்டையைப் பிடித்தான். “என் பேரைப் போட்டுப் புளுகினதுகூடப் பரவாயில்லடா, எங்கிட்டயே புளுகினியே” என்று கத்தினான். தரதரவென்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான். காயத்தைச் சுற்றி ஒரு மருந்து, கையில் ஓர் ஊசி. மீதி ஊசிகளுக்காக இங்கேயே அறை எடுத்திருக்கிறோம். இரண்டு கட்டில், மூடாத ஒரு ஜன்னல், எதிரே டயர்க் கடை. தாடி ஜன்னலுக்கு அட்டை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. அம்மாவைப் பார்த்துக்கொள்.

வாலு

&nbsp;

மார்ச் 14

என் தங்கமே,

திட்ட மாட்டேன் என்று சொன்னேன், திட்டவில்லை. வா, நேரில் வைத்துக்கொள்கிறேன். காய்ச்சல் இருக்கிறதா? கால் எப்படி இருக்கிறது? ஓர் ஊசியைக்கூட விடாதே.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவுக்கு வேறு ஒரு கடிதத்தை நானே சொல்லிக்கொண்டு போனேன். லாரி, டயர்க் கடை, ஜன்னல் எல்லாம் சொன்னேன். முடித்ததும் அம்மா கேட்டாள், “நடுவுல நடுவுல மூச்சு வாங்குறியே, அங்கெல்லாம் என்ன எழுதியிருக்கான்?” ஒன்றுமில்லை, எழுத்துப் புரியவில்லை என்றேன். நம்பவில்லை.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். நல்லது என்றார். பிறகு ஒன்று கேட்டார்: “குட்டி விடாம தொங்குச்சுன்னு சொன்னீங்களே, அதை யார் பிரிச்செடுத்தாங்க?”

எனக்குத் தெரியவில்லை. நீதானே? அல்லது தாடியா? தாடியென்றால் அவன் கையில் அப்போது கீறல், வெட்டு ஏதாவது இருந்ததா என்று கேட்கச் சொன்னார். கடி வேண்டியதில்லையாம், திறந்த புண்ணில் எச்சில் பட்டாலே போதுமாம். உடனே கேட்டு எழுது. கேட்பது என்ன, அவனையும் கூட்டிக்கொண்டு போய் ஊசி போடு. அப்புறம் எழுது.

இருவரும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அக்கா

&nbsp;

மார்ச் 20

அக்கா,

எனக்குக் காய்ச்சல் இல்லை, கால் ஆறிவிட்டது. அதை விடு.

தாடி இங்கே இல்லை. உன் கடிதம் வருவதற்கு மூன்று நாள் முன்னால் கிளம்பிப் போய்விட்டான். நான்தான் அனுப்பினேன். என்னோடு அந்த அறையில் அடைந்துகிடந்து வாடிப்போனான். “நீ போய்க் கடலைப் பாருடா, நான் ஊசி முடிச்சுட்டு வந்து சேர்றேன்” என்றேன். வழியில் உள்ள ஊர்களில் இறங்கி வேலை பார்த்துக்கொண்டே போவேன் என்றான். எங்கே தங்குவான் என்று அவனுக்கே தெரியாது.

குட்டியைப் பிரித்தெடுத்தது அவன்தான். நான் அலறிக்கொண்டு நின்றேன். அவன் ஓடிவந்து அதன் வாய்க்குள் விரலைக் கொடுத்து நெம்பி எடுத்தான். முந்தின நாள்தான் அரிவாள் பட்டு ஆள்காட்டி விரலைக் கிழித்துக்கொண்டிருந்தான். கட்டுத்துணி நனைந்துபோனதென்று அதையும் கழற்றிப் போட்டிருந்தான். அது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது, அக்கா. இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவனையும் கேட்டார், “உங்களுக்குக் கடி இருக்கா?” “எனக்கெல்லாம் இல்லீங்க, இவனைத்தான்” என்றான். நானும் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கத் தோன்றவில்லை. என் காலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வழியிலுள்ள எல்லாத் தபால் நிலையத்துக்கும் அவன் பெயர் போட்டு எழுதிவிட்டேன். என்ன பிரயோஜனம்? எந்தக் கவுண்டரிலும் அவன் தன் பெயரைச் சொல்லிக் கேட்க மாட்டானே. கடைசி ஊரில் மட்டும் எனக்கு வருகிற கடிதங்களை வாங்கி வைக்கிறேன் என்று, என்னிடம் கையெழுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். அடுத்த ஊசியை வழியில் போட்டுக்கொள்கிறேன் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு நான் இன்றே கிளம்புகிறேன். அவனைத் தேடிக்கொண்டே போகிறேன்.

அம்மாவிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

வாலு

&nbsp;

மார்ச் 25

தாடித் தம்பிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்று முகம் பார்க்காத ஓர் அக்கா எழுதுகிறேன். உறையின் மேல் என் தம்பியின் பெயர் இருக்கும். உன் பெயர் போட்டால் நீ கேட்டு வாங்க மாட்டாயாமே. அதனால்தான் அவன் பெயருக்குக் கீழே ‘தாடி பிரித்துப் படிக்கவும்’ என்று எழுதினேன். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிறோமே என்று கூச்சப்படாதே, இது உனக்கு எழுதியதுதான்.

அந்தக் குட்டியின் வாய்க்குள் நீ விரலைக் கொடுத்தபோது விரலில் வெட்டுக்காயம் இருந்தது. அது போதுமாம், கடி வேண்டியதில்லையாம். தபால் நிலையத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. அங்கே ‘கடிக்கவில்லை’ என்று சொல்லாதே. ‘வெறி நாயின் எச்சில் புண்ணில் பட்டது’ என்று சொல். என் தம்பி மாதிரி நாள் கடத்தாதே.

நீ விரலைக் கொடுக்காமல் இருந்திருந்தால் அவன் கால் இன்னும் கிழிந்திருக்கும். அதை நான் மறக்கவில்லை. ஊசி போட்டுக்கொண்டு எனக்கு உன் கையாலேயே எழுது. எப்படி இருக்கிறாய் என்று ஒளிக்காமல் எழுது.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 2

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தாடி எழுதுவது. உங்களுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம். அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறதா?

பிழை இருந்தால் மன்னியுங்கள், சிவப்புப் பேனாவை எடுத்துவிடாதீர்கள். கடிதம் எழுதிப் பழக்கமில்லை. வந்தும் பழக்கமில்லை. கவுண்டரில் வாலு பெயரைச் சொன்னேன். அந்தம்மா உறையைப் பார்த்துவிட்டு, “தாடின்னா நீங்களாத்தான் இருக்கணும்” என்று கொடுத்தார். வெளியே படியில் உட்கார்ந்து படித்தேன். திரும்பவும் படித்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே நேரே போய்விட்டேன் அக்கா. நேற்று ஊசி போட்டாயிற்று. விரலைச் சுற்றியும் போட்டார்கள், அதில்தான் உயிரே போயிற்று. நீங்கள் எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன்.

இன்று மத்தியானம் வாலுவும் வந்து சேர்ந்தான். என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுதான். ஊசி போட்டாச்சுடா என்று காட்டின பிறகும் அழுதான். நீங்கள்தான் அவனைக் கண்டிக்க வேண்டும்.

ஒளிக்காமல் எழுதச் சொன்னீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. ராத்திரி தூக்கம்தான் வருவதில்லை. அறையில் ஃபேன் போட்டால் காற்று முகத்தில் பட்டவுடன் தொண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, மூச்சு திக்கென்று நிற்கிறது. அதனால் ஃபேனை நிறுத்திவிட்டுப் படுக்கிறேன். வாலு வந்ததிலிருந்து புழுங்குகிறது என்று திட்டுகிறான். கடற்கரைக்குக் கூப்பிட்டான், அங்கேயும் காற்று, பாதியில் திரும்பிவிட்டேன். சளி பிடிக்கப் போகிறது போல. இவ்வளவு தூரம் வந்து கடலைச் சரியாகப் பார்க்கவில்லை, நாளைக்குப் போவோம்.

எனக்கு எழுதினதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. முடிந்தால் இன்னும் ஒன்று எழுதுங்கள், என் பெயர் போட்டே. கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

தாடி

&nbsp;

ஏப்ரல் 6

வாலு,

இதை நீ தனியாக இருந்து படி. அவன் முன்னால் படிக்காதே.

அவன் கடிதம் காலையில் வந்தது. டாக்டரம்மாவிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். எல்லாவற்றையும் கேட்டார், ஃபேன் வருகிற இடத்தை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். வெறிநாய்க்கடி முற்றினால் தண்ணீருக்கு மட்டுமில்லை, காற்றுக்கும் தொண்டை இறுகுமாம். “இதுக்கு மேல அந்தப் பையனை அறையில வச்சிருக்காதீங்க” என்றார். ஊசி போட்டாயிற்றே என்றேன். அவர் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். எனக்கே தெரியும், வாலு. அறிகுறி வந்துவிட்டால் எல்லாமே லேட்டுதான் என்று அவர் முன்னாலேயே சொல்லியிருக்கிறார்.

அவனை ஆஸ்பத்திரியில் சேர்க்கவும், பஸ்ஸில் வரும் கடிதத்தை வாங்கிக்கொள்ளவும் சொல்லித் தந்தி கொடுத்துவிட்டேன். மற்றதைத் தந்தியில் எழுத முடியவில்லை. தெற்கே போகிற பஸ் கண்டக்டரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். அம்மாவைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் நானும் வருகிறேன். அம்மாவுக்கு இன்று ஒரு வரி விடாமல் எல்லாவற்றையும் வாசித்துவிட்டேன். உன்னைப் பற்றி அப்புறம்தான் கேட்டாள். “அந்தப் பிள்ளைக்கு யாரு இருக்கா?” என்றாள் முதலில். நாம்தான் என்றேன். “அப்ப ஏன் இன்னும் நின்னுக்கிட்டிருக்க?” என்றாள்.

உன்னைப் பற்றியும் எனக்குப் பயம் போகவில்லை. மீதி ஊசிகளை அதே ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்.

அவன் கேட்டால் தொண்டைப் புண் என்று சொல். உன்னால்தான் இப்படி என்று அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழாதே. அழுதால் அவனுக்குத் தெரிந்துவிடும். அழவேண்டியதை எனக்காக வைத்திரு.

அவனுக்கு ஒரு கடிதம் எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன், அவன் பெயர் போட்டு. ‘நலமா’ என்று கேட்க வேண்டிய இடத்தைத் தாண்டி என்னால் எழுத முடியவில்லை. அதனால்தான் நேரில் வருகிறேன்.

அங்கே கையுறை கொடுப்பார்கள், போட்டுக்கொள். போட்டுக்கொண்டு, நான் வருகிற வரைக்கும் அவன் கையை விடாமல் பிடித்துக்கொள்.

அக்கா